108 ஆம்புலன்ஸ்: மாடி வீட்டுப் பையனுக்காகக் கூப்பிட்டபோது

பீளமேட்டில் எங்கள் மாடியைக் கல்லூரிப் பசங்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவள். 2008இல் 108 வருவதற்கு முன், ஆட்டோவில் மடியில் கிடத்திக் கொண்டுவந்த நோயாளிகளை எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். ஆகவே இந்தச் சேவையை விவரம் தெரிந்துதான் பாராட்டுகிறேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி. "ஆன்ட்டி, இவன் எந்திரிக்கவே மாட்டேங்கிறான்" என்று கதவைத் தட்டினார்கள். பிறந்தநாள் பார்ட்டியாம். பந்தயம் கட்டி ஒரு குவார்ட்டரை ராவாக ஒரே மூச்சில் குடித்திருக்கிறான், அதற்கு மேலும் கொஞ்சம். ஒரு குவார்ட்டர் பிராந்தியிலேயே 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. ஈரலால் மணிக்கு ஏழு முதல் பத்து கிராம்தான் கழிக்க முடியும். குடிப்பதை நிறுத்தினாலும் வயிற்றில் கிடப்பது ரத்தத்தில் ஏறிக்கொண்டேதான் இருக்கும். "தூங்கினா தெளிஞ்சிரும்" என்று ஒரு மணி நேரம் விட்டிருந்தார்கள் பாருங்கள், அதுதான் எனக்குப் பதறியது.

தோள்பட்டைச் சதையை அழுத்திக் கிள்ளினேன். முனகல்கூட இல்லை. கை சில்லிட்டிருந்தது, நகக்கண் நீலம் பாரித்திருந்தது. நெஞ்சு ஏறி இறங்குவதைக் கடிகாரம் பார்த்து எண்ணினேன்: நிமிடத்துக்கு ஏழு மூச்சு. எட்டுக்குக் கீழே போனாலோ, இரண்டு மூச்சுக்கு நடுவே பத்து வினாடி இடைவெளி விழுந்தாலோ உயிருக்கு ஆபத்து.

ஒருவன் மோர் தம்ளரோடு நின்றான். இன்னொருவன் தலையில் தண்ணீர் ஊற்றலாம் என்றான். இரண்டுமே கூடாது. நினைவில்லாதவன் வாயில் எதை ஊற்றினாலும் நுரையீரலுக்குப் போய்விடும். பச்சைத் தண்ணீர், குளிர்ந்த உடம்பை இன்னும் குளிரவைக்கும். இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து, மேல்காலை மடக்கி முட்டுக்கொடுத்தோம். கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்தான். மல்லாந்து கிடந்திருந்தால் அது மூச்சுக்குழாயை அடைத்திருக்கும்.

பசங்கள் முதலில் ஒரு தனியார் மருத்துவமனைக்குத்தான் போன் போட்டிருக்கிறார்கள். பணம் கட்ட பெரியவர்கள் யாராவது வரவேண்டும் என்றார்களாம். 108க்குக் கூப்பிடப் பயம்: போலீஸ் வரும், காலேஜுக்குத் தெரியும் என்று. நான்தான் கூப்பிட்டேன். எந்த ஊர், என்ன லேண்ட்மார்க், மூச்சு இருக்கிறதா, நினைவு இருக்கிறதா, இவ்வளவுதான் கேட்டார்கள். குடித்திருக்கிறான் என்றதும் குரல் மாறவில்லை. வண்டியை ஓட்டி வந்த பைலட்டே மறுபடி போன் செய்து வழி கேட்டுக்கொண்டார்.

கூட வந்த மருத்துவ உதவியாளர் சின்னப் பெண். வேலையில் அவ்வளவு நிதானம். வாயை உறிஞ்சிச் சுத்தம் செய்து ஆக்சிஜன் வைத்தார். விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார்: 52. வெறும் வயிற்றில் குடித்தால் சர்க்கரை இப்படி இறங்கும், அதுவே வலிப்பில் கொண்டுபோய் விடும். பலர் மறந்துவிடுகிற பரிசோதனை இது, இவர் மறக்கவில்லை. உடனே நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார். எங்கே வாங்கியது, கண் மங்கலாகத் தெரிகிறது என்று முன்னால் சொன்னானா என்று பசங்களிடம் விசாரித்து, பாட்டிலையும் எடுத்துக்கொண்டார். 2024இல் கள்ளக்குறிச்சியில், கண்பார்வையைப் பறிக்கிற விஷமான மெத்தனால் கலந்த சாராயத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் பலியானார்களே, அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளத்தான்.

ஒரு பைசா வாங்கவில்லை. அரசு மருத்துவமனையில் ஒரு போலீஸ்காரர் வந்து பெயரை எழுதிக்கொண்டு போனார், அவ்வளவுதான். மறுநாள் சாயங்காலம் பையன் வீட்டுக்கு வந்துவிட்டான்.

கல்லூரிப் பசங்களுக்கு வீடு விட்டிருப்பவர்கள், ஹாஸ்டல் வார்டன்கள் ஒன்று செய்யுங்கள். வீட்டு முகவரியும் பக்கத்து லேண்ட்மார்க்கும் மாடிக் கதவில் எழுதி ஒட்டிவையுங்கள். அன்றைக்கு அத்தனை பையன்களில் ஒருவனுக்கும் எங்கள் தெருப் பெயர் தெரியவில்லை.