அப்பாவின் துப்பாக்கி: இருக்கும்போதே பெயர் மாற்றுவதா, போன பிறகா?

எங்கள் அப்பாவிடமும் சித்தப்பாவிடமும் ஒரே மாதிரி 12 போர் (bore, அதாவது குழல் அளவு) இரட்டைக் குழல் துப்பாக்கி இருந்தது. இரண்டும் பயிர்க் காவலுக்காக வாங்கியவை, ஒரே ஸ்டேஷன் எல்லை, ஒரே கலெக்டர் ஆபீஸ். சித்தப்பா தான் நன்றாக இருக்கும்போதே மகன் பேருக்கு மாற்றிக் கொடுத்தார், 5 மாதத்தில் முடிந்தது. அப்பா மாற்றாமலேயே போய்ச் சேர்ந்துவிட்டார், என் பேருக்கு வர 19 மாதம் ஆனது. இரண்டு வேலைக்கும் அலைந்தவன் நான்தான். அதனால் சொல்கிறேன், வீட்டில் லைசென்ஸ் வைத்திருக்கும் பெரியவர் இருந்தால் இந்த வருஷமே உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

பெயர் மாற்றம் என்று நாம் சொன்னாலும் லைசென்ஸ் நிலப் பட்டா மாதிரி கைமாறுவதில்லை. வாரிசுக்கு அவர் பேரில் தனி லைசென்ஸ் கொடுக்கிறார்கள், துப்பாக்கி அதில் ஏறுகிறது. 2016 ஆயுத விதிகளில் 25-வது விதி இதற்கு இரண்டு வழி வைத்திருக்கிறது. ஒன்று, லைசென்ஸ்தாரர் இறந்த பிறகு வாரிசு கேட்பது. இன்னொன்று, அவருக்கு 70 வயது ஆகியிருந்தாலோ துப்பாக்கியை 25 வருஷம் வைத்திருந்தாலோ, இதில் எது முதலில் வருகிறதோ அப்போது, அவரே ஒரு வாரிசைக் காட்டிக் கேட்பது. சித்தப்பாவுக்கு வயது 64தான், ஆனால் 25 வருஷக் கணக்கில் தகுதி வந்துவிட்டது. அப்பாவுக்கு 73 வயது, துப்பாக்கி வாங்கி 30 வருஷத்துக்கு மேல், இரண்டு கணக்கிலும் தகுதி இருந்தும் அப்படி ஒரு வழி இருப்பதே எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு ஆறவில்லை.

சித்தப்பா வீட்டில் நடந்தது இவ்வளவுதான். மகனைக் காட்டி அவர் ஒரு கடிதம் எழுதினார், மகன் லைசென்ஸ் விண்ணப்பமான ஏ-1 படிவத்தை நிரப்பினான், மருத்துவச் சான்று வாங்கினான், சித்தியும் இரண்டு மகள்களும் ஆட்சேபனை இல்லை என்று நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டார்கள். பெரியவர் நடுக்கூடத்தில் உட்கார்ந்து 'போடும்மா' என்று சொல்லும்போது யாரும் மறுப்பதில்லை. மகனைப் பற்றி போலீஸ் விசாரணை வழக்கம்போல நடந்தது, அது எந்த வழியிலும் உண்டு. 21 வயது ஆகியிருக்க வேண்டும், வழக்கு எதுவும் இருக்கக் கூடாது. முக்கியமான வித்தியாசம் என்னவென்றால், அந்த 5 மாதமும் துப்பாக்கி சித்தப்பாவின் அலமாரியிலேயே இருந்தது, ஏனென்றால் அவருடைய லைசென்ஸ் உயிரோடு இருந்தது.

எங்கள் கதை வேறு. லைசென்ஸ் ஆளோடு போய்விடும், அவர் இறந்த மறுநாள் அந்தத் துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்க நமக்கு எந்த உரிமையும் கிடையாது. ஆயுதச் சட்டம் 21-வது பிரிவு தாமதமில்லாமல் பக்கத்து ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்கச் சொல்கிறது. லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 வருஷம், அதிகபட்சம் 5 வருஷம் சிறை. சாவு வீட்டில் இது யார் ஞாபகத்துக்கு வரும்? கருமாதி முடிந்த பிறகுதான் அம்மா அலமாரியைக் காட்டினார். ஸ்டேஷன் ரைட்டர் நல்ல மனிதர், தாமதத்துக்குக் காரணம் எழுதி வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார். தோட்டாக்களையும் எண்ணி ஒப்படைக்க வேண்டும், அதை மறந்து மறுபடியும் ஒரு நடை போனேன்.

அப்புறம் காகித வேலை. இறப்புச் சான்று சீக்கிரம் வந்தது, தாசில்தாரிடம் வாரிசுச் சான்றுக்கு இரண்டு மாதம் பிடித்தது. அக்கா சிங்கப்பூரில் இருக்கிறாள், அவளுடைய ஆட்சேபனை இல்லாக் கடிதத்தை அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்பச் சொன்னார்கள். அண்ணன் நான்கு மாதம் கையெழுத்தே போடவில்லை. கேட்டால் துப்பாக்கி அவருக்கு வேண்டாம், கிணற்றடி நிலத்தின் பாகப் பிரச்சினை முடியட்டும் என்றார். இதை நான் குறையாகச் சொல்லவில்லை, எல்லா வீட்டிலும் நடப்பதுதான். பெரியவர் இல்லாத வீட்டில் ஒவ்வொரு கையெழுத்துக்கும் ஒரு கணக்கு வந்துவிடுகிறது, இரண்டு வழிக்கும் நடுவே உள்ள காலதாமதத்தில் பாதி இங்கேதான் போகிறது.

மீதிப் பாதி ஆபீஸில். போலீஸ் அறிக்கை 30 நாளில் போக வேண்டும், அது வந்த பிறகு 60 நாளில் லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரி முடிவு சொல்ல வேண்டும் என்று விதி இருக்கிறது. எனக்கு அறிக்கை போகவே ஐந்து மாதம், நடுவில் இன்ஸ்பெக்டர் மாற்றல். காட்டோரம் என்பதால் வருவாய்த் துறை, வனத்துறை அறிக்கையும் கேட்டார்கள். அது போதாதென்று தேர்தல் நடத்தை விதிகள் வந்து, ஊரில் லைசென்ஸ் வைத்திருந்தவர்களே துப்பாக்கியைக் கொண்டுவந்து ஒப்படைத்துக்கொண்டிருந்த நேரத்தில் என் கோப்பை யார் பார்ப்பார்கள். கடைசியில் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரே கேள்வி போட்டேன்: இந்த எண்ணுள்ள மனு எந்த மேசையில், எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது? 30 நாளுக்குள் பதில் வந்தது, கோப்பும் நகர்ந்தது. நேரில் போய் நிற்பதைவிட இது நூறு மடங்கு மேல்.

ஸ்டேஷனா வியாபாரியா என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டேஷனில் காசு செலவில்லை, வீட்டுக்குப் பக்கம், நாங்கள் அங்கேதான் கொடுத்தோம். ஆனால் 17 மாதம் கழித்துத் திரும்பி வாங்கியபோது குழலுக்குள் துரு, அடிக்கட்டையில் ஈரம் ஏறி ஒரு விரிசல். யாரையும் குற்றம் சொல்ல முடியாது, அவர்களுக்கு அது பாதுகாப்பில் இருக்கும் இன்னொரு பொருள், எண்ணெய் போட ஆள் இல்லை. வியாபாரி மாதக் கட்டணம் வாங்குவார், ஆனால் துடைத்து எண்ணெய் விட்டு வைப்பார். ஒரு வருஷத்துக்கு மேல் இழுக்கும் என்று தெரிந்தால் வியாபாரிதான் சரி. எங்கே கொடுத்தாலும் ரசீதில் துப்பாக்கி எண்ணும் அதன் நிலைமையும் எழுதச் சொல்லுங்கள், ஒப்படைக்கும் முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

இருக்கும்போதே மாற்றுவதில் சங்கடமே இல்லை என்று சொல்ல மாட்டேன். மாற்றிய நாளிலிருந்து அது மகனுடைய துப்பாக்கி. மகன் கோயம்புத்தூரிலோ சென்னையிலோ வேலையில் இருந்துகொண்டு துப்பாக்கியைத் தோட்டத்தில் அப்பாவிடமே விட்டு வைப்பது சட்டப்படி தவறு. விண்ணப்பமும் மகன் குடியிருக்கும் இடத்து அதிகாரியிடம் போகும், சென்னை என்றால் போலீஸ் கமிஷனரிடம். அதனால் ஊரிலேயே இருக்கும் பிள்ளையைக் காட்டுவதுதான் நல்லது, மூத்தவன் என்பதற்காக வெளியூர்க்காரனைக் காட்டாதீர்கள். இன்னொன்று, 2019-க்குப் பிறகு ஒருவர் 2 துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது, வாரிசாக வந்தாலும் இதே கணக்குத்தான். ஏற்கெனவே இரண்டு வைத்திருப்பவர் பேரைக் கொடுத்துப் பயனில்லை.

வாரிசு வழியை விட்டுவிட்டுப் புதிதாகவே லைசென்ஸ் கேட்கலாமே என்று சிலர் சொல்கிறார்கள். பிஸ்டல், ரிவால்வர் என்றால் ஏன் வேண்டும் என்பதற்கு வலுவான காரணம் காட்ட வேண்டும், பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். 20 அங்குலத்துக்குக் குறையாத, உள்ளே வரிப்பள்ளம் இல்லாத வழவழப்பான குழல் உள்ள துப்பாக்கியைப் பாதுகாப்புக்குக் கேட்பவருக்குச் சட்டத்தின் 13-வது பிரிவு கொஞ்சம் இளக்கம் காட்டுகிறது என்றாலும், பயிற்சிச் சான்று தொடங்கி எல்லாம் ஆரம்பத்திலிருந்து. கையில் அப்பாவின் துப்பாக்கி இருக்கும்போது எதற்கு அந்த வழி? யாருக்கும் வேண்டாம் என்றால் வியாபாரிக்கு விற்றுவிடலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பெரியவர் ஒத்துக்கொண்டால் முதலில் லைசென்ஸ் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். தேசிய ஆயுத உரிமத் தரவுத்தளம் கொடுக்கும் தனி அடையாள எண் அதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அது இல்லாத பழைய புத்தகம் செல்லாது. பிறகு குழலில் பொறித்திருக்கும் எண்ணையும் புத்தகத்தில் எழுதியிருக்கும் எண்ணையும் வெளிச்சத்தில் வைத்து ஒவ்வொரு இலக்கமாக ஒத்துப் பாருங்கள். எங்கள் புத்தகத்தில் ஒரு 7, 1 ஆக இருந்தது. அப்பா இருந்திருந்தால் ஒரு மனுவில் அவரே திருத்தியிருப்பார். அவர் இல்லாமல், வாங்கிய கடையின் 30 வருஷத்துப் பழைய ரசீதை அம்மாவின் புடவைப் பெட்டிக்குள் தேடி எடுக்க வேண்டியிருந்தது.