கையை உருவுவதா, கத்தியைப் பறிப்பதா?

தாராவியில் 90 அடி சாலையை ஒட்டிய சந்தில் எங்கள் வீடு. மடக்குக் கட்டிலைச் சுவரில் சாய்த்தால்தான் இரண்டு பேர் எதிரெதிரே நிற்க இடம் கிடைக்கும். போன வாரம் அண்ணன் மகள் வந்து கையை நீட்டினாள்.

"பிடியுங்கள் சித்தப்பா. விளையாட்டுக்கு வேண்டாம், அழுத்திப் பிடியுங்கள்."

காணொளியில் பார்த்த தற்காப்புப் பூட்டு ஒன்றைப் போட்டுக் காட்டினாள். என் மணிக்கட்டைத் திருப்பி, முழங்கையை மடக்கி, மண்டியிட வைக்க வேண்டும். பிடியை இறுக்கி அவளை என் பக்கம் இழுத்தேன். அவ்வளவுதான், அவளுக்கு அடுத்த அசைவு மறந்துபோயிற்று. பிறகு என் கட்டைவிரலும் மற்ற விரல்களும் சந்திக்கும் இடத்தைக் காட்டினேன். முழங்கையை என்னை நோக்கித் தள்ளி, அந்த இடைவெளி வழியாகக் கையை உருவச் சொன்னேன். இரண்டாவது முறையிலேயே உருவிவிட்டாள். நான்கு விரல்களை எதிர்ப்பதைவிட ஒற்றைக் கட்டைவிரலை எதிர்ப்பது எளிது.

தற்காப்பில் மேல்நிலை உத்திகளைவிட அடிப்படைதான் முக்கியம் என்பேன். மேல்நிலை உத்திகள் பொய் என்று சொல்ல வரவில்லை. தேவையான நொடியில் அவை நினைவுக்கு வருவதில்லை என்பதுதான் சிக்கல். தேர்வுகள் கூடக் கூட முடிவெடுக்கும் நேரமும் கூடும் என்று 1952இல் ஹிக் என்ற ஆங்கிலேய உளவியலாளர் காட்டினார். பத்து உத்தி அறிந்தவனைவிட இரண்டை உடம்பில் ஊறும்வரை பழகியவன் முந்திக்கொள்வான்.

கத்தியைப் பறிக்கும் உத்திதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. பயிற்சிக்கூடத்தில் கத்தி நீட்டியவர் கையை அப்படியே நீட்டிக்கொண்டு நிற்பார். கத்திக்குப் பதில் சிவப்பு ஸ்கெட்ச் பேனா கொடுத்து, நிறுத்தாமல் குத்தும்படி நண்பரிடம் சொன்னேன். பேனாவைப் பறித்துவிட்டேன். ஆனால் அதற்குள் என் வெள்ளைப் பனியனில் ஏழு கோடுகள். அன்றிலிருந்து என் பாடம், முடிந்தால் ஓடு என்பதே.

அடிப்படை என்றால் வரிசையாக நின்று காற்றைக் குத்துவது என்று நினைப்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. எதிர்ப்பவர் இல்லாத அடிப்படை, அலங்கார உத்தியைப் போலவே கைவிடும். 1882இல் ஜூடோவைத் தொடங்கிய ஜிகோரோ கானோ, ஆபத்தான உத்திகளை, இருவர் உண்மையாகவே மோதிப் பழகும் சுதந்திரப் பயிற்சியிலிருந்து விலக்கினார். அதனால் மிச்சமிருந்தவற்றை முழு வேகத்தோடும் எதிர்ப்போடும் பழக முடிந்தது. நம் சிலம்பத்திலும் கம்பு சுற்றுவதற்கு முன் காலடி பழக்குவார்கள். சிறுவயதில் அது எனக்கு அலுப்பாக இருந்தது.

சட்டமும் ஒரு காரணம். இந்தியக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 37ஆம் பிரிவின்படி, தற்காப்புக்குத் தேவையானதைவிட அதிகத் தீங்கு விளைவிக்க உரிமையில்லை. கையை உருவிக்கொண்டு ஓடியவளைவிட, எதிராளியின் முழங்கையை ஒடித்தவள்தான் காவல் நிலையத்தில் அதிகம் விளக்க வேண்டியிருக்கும்.

இத்தனை ஆண்டுப் பயிற்சியில் எனக்கு உண்மையாகவே கைகொடுத்தது விழக் கற்றதுதான். ஒரு ஜூலை மழையில் தாதர் ரயில் நிலையப் படியில் வழுக்கியபோது, மோவாய் தானாக மார்போடு ஒட்டிக்கொண்டது. தலை தப்பியது, டிபன் பாக்ஸ் நசுங்கியது.

அண்ணன் மகள் சுழல் உதையை இன்னும் விடவில்லை. ஆர்வத்தை ஏன் கெடுக்க வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கு அழைத்துப்போவதாகச் சொல்லியிருக்கிறேன். வீட்டில் வேண்டாம், டியூப்லைட் இருக்கிறது என்று அண்ணி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.