சமூகத் தணிக்கை அறிக்கை: கொள்முதல் மேலாளருக்கு எவ்வளவு பயன்?

ஆலையில் தொழிலாளர்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள், பாதுகாப்பு எப்படி என்று வெளியாட்கள் வந்து பார்ப்பது சமூகத் தணிக்கை. வெளிநாட்டு ஆலைக்கு ஆர்டர் கொடுக்கும் முன் கொள்முதல் மேலாளர்கள் கேட்பது, அப்படிப்பட்ட ஒரு தணிக்கையான ஸ்மெட்டாவின் (SMETA) அறிக்கை அல்லது தொழிலாளர் நலத் தரத்துக்கான எஸ்ஏ 8000 (SA8000) சான்றிதழ். ஸ்மெட்டா தணிக்கை முறை மட்டுமே. அதில் தேர்ச்சி தோல்வி கிடையாது. ‘ஸ்மெட்டா சர்டிபிகேட் இருக்கிறது’ என்று சப்ளையர் சொன்னால், குறைகளின் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள்.

தீயணைப்பான், வயதுச் சான்று, கழிப்பறை எண்ணிக்கை போன்றவற்றில் உள்ள குறைகளைச் சமூகத் தணிக்கை நன்றாகவே பிடிக்கிறது. மிரட்டல், பாலியல் தொல்லை, சங்கத்தில் சேர்ந்தவரை நீக்குவது ஆகியவை பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. தேதி முன்கூட்டியே தெரிகிறது, பல இடங்களில் கட்டணத்தை ஆலையே கட்டுகிறது, தொழிலாளர் பேட்டியும் ஆலைக்குள்ளேயே நடக்கிறது. சூப்பர்வைசர் வெளியே நிற்கும்போது யார் வாய் திறப்பார்?

கராச்சியின் அலி எண்டர்பிரைசஸ் ஆலைக்கு எஸ்ஏ 8000 கிடைத்த சில வாரங்களில், 2012 செப்டம்பரில், தீப்பிடித்து 250க்கும் மேற்பட்டோர் இறந்தனர். வெளியேறும் கதவுகள் பூட்டியிருந்தன, சன்னல்களில் கம்பி. 2013 ஏப்ரலில் டாக்கா அருகே இடிந்து 1,134 பேரைப் பலிகொண்ட ராணா பிளாசாவிலும் தணிக்கை கண்ட ஆலைகள் இருந்தன. கட்டட உறுதி அந்தத் தணிக்கையின் வரம்பிலேயே இல்லை. இதை மறந்து கையெழுத்திடும் மேலாளர் உயிர்களோடு விளையாடுகிறார்.

ஆகவே முன்னறிவிப்பில்லாத தணிக்கையைக் கேளுங்கள், கட்டணத்தை நீங்களே கட்டுங்கள், பேட்டியை ஆலைக்கு வெளியே வைக்கச் சொல்லுங்கள். வருகைப் பதிவேட்டை மட்டும் நம்ப வேண்டாம், உண்மைக்கு ஒன்று, தணிக்கையாளருக்குக் காட்ட ஒன்று என இரட்டைப் பதிவேடு சகஜம். தையல் ஆலைகளில் ஊசி உடையும்போதெல்லாம் தேதியோடு எழுதும் உடைந்த ஊசிப் பதிவேட்டையும் கேட் பாஸையும் அதோடு ஒப்பிடச் சொல்லுங்கள். விடுமுறை என்று காட்டிய ஞாயிற்றுக்கிழமையில் ஊசி உடைந்திருந்தால் விஷயம் வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

இதைவிட உறுதியானது, ராணா பிளாசாவுக்குப் பின் 2013இல் வந்த வங்கதேச அக்கார்டு. தீ, கட்டடப் பாதுகாப்புக்காகப் பிராண்டுகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து போட்ட, சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் அது. ஆய்வறிக்கைகள் பொதுவெளியில் வரும். திருத்த மறுக்கும் ஆலையோடு வணிகத்தை நிறுத்தியாக வேண்டும். அக்கார்டு இல்லாத நாட்டில் மட்டும் தணிக்கையை முதல்படியாக வைத்துக்கொள்ளலாம்.

ஒன்றைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அறிக்கையில் அளவுக்கு மீறிய ஓவர்டைம் என்று வந்தால், உற்பத்தி தொடங்கும் முன் ஆலை அனுப்பும் மாதிரிக்கு ஒப்புதலை (சாம்பிள் ஒப்புதல்) நீங்கள் எந்தத் தேதியில் கொடுத்தீர்கள் என்று பாருங்கள். ஒப்புதல் இரண்டு வாரம் தள்ளிப்போயும் ஷிப்மென்ட் தேதி நகரவில்லை என்றால், அந்த இரவு வேலை உங்கள் மேசையில்தான் தொடங்கியிருக்கிறது.