கியர் ஸ்பானர் வாங்கலாமா என்று கேட்ட மருமகனுக்கு

போன வாரம் அக்கா மகன் ஒரு படம் அனுப்பினான். ஆறு வருடத்துக்கு முன் நான் 280 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து வாங்கிய அதே கியர் ஸ்பானர், அதாவது லோரிச் சக்கர நட்டைக் கழற்ற உள்ளே பல்சக்கரம் வைத்த கைச்சுற்று ஸ்பானர், இப்போது இணையக் கடையில் 135 வெள்ளி. கீழே ஒரே வரி: "மாமா, வாங்கலாமா?" அவன் லோரி எடுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

கேட்ட நேரம்தான் சரியில்லை. அன்று காலை முழுக்கப் பேராக் மாநிலத்து லங்காப்பில் ஒரு பட்டறையில் உட்கார்ந்து, பின் சக்கரத்துக்கு மூன்று ஸ்டட் (நட் ஏறும் திருகுத் தண்டு) மாற்றிவிட்டு அப்போதுதான் டீ குடிக்க வந்திருந்தேன். முறிந்தது ஒன்றுதான். ஆனால் ஒன்று முறிந்தால் இரு பக்கத்திலும் உள்ளதையும் சேர்த்து மாற்றுவதுதான் முறை என்று பட்டறை போமன் (மேற்பார்வையாளர்) சொன்னார். சரியான பேச்சுதான், பணம் நம்முடையது. முறிந்ததற்குக் காரணம் யார் என்று கேட்டால், அந்தப் படத்தில் இருந்த சாமான்தான்.

முதலில் அதன் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நான் ஏற்றுவது செம்பனைக் குலை. வெட்டிய 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்விட வேண்டும், இல்லையென்றால் பழத்தில் அமிலம் ஏறி எண்ணெயின் தரம் இறங்கும். தோட்டத்துச் செம்மண் சாலையில் டயர் வெடித்தால் அங்கே யாரும் வந்து இழுக்கமாட்டார்கள். நெடுஞ்சாலையில் நின்றால் நெடுஞ்சாலை நிறுவனமான பிளஸின் உதவி எண் 1800-88-0000 இருக்கிறது. தோட்டத்துக்குள்ளே நம் கைதான்.

2021 தீபாவளிக்கு முந்தின வாரம், நல்ல மழை. கெலிண்டன் (லோரி உதவியாள்) லீவு. பின்னால் இடப்பக்கம் இரட்டைச் சக்கரத்தில் உள் டயர் போய்விட்டது. உள் டயர் என்றால் வெளி டயரையும் கழற்றியாக வேண்டும். பழைய ஸ்பானரும் இரும்புக் குழாயும் வைத்திருந்த காலத்தில், குழாய் மேல் ஏறி நின்று குதிப்பேன். ஒருமுறை குழாய் வழுக்கி முழங்காலில் வாங்கிய அடி இன்னும் மழைக்காலத்தில் பேசும். அன்று கியர் ஸ்பானரை மாட்டி, பலகை மேல் உட்கார்ந்து, காப்பி அரைக்கிற மாதிரி சுற்றினேன். கைப்பிடி 58 சுற்று சுற்றினால் நட் ஒரு சுற்று. மெதுவாகத்தான் போகும். ஆனால் டயர் கடைக்காரன் காற்றுத் துப்பாக்கியால் இறுக்கி வைத்த நட் "டக்" என்று இளகும்போது வரும் சந்தோஷம் இருக்கிறதே, அதற்கு 280 வெள்ளி தாராளமாகக் கொடுக்கலாம்.

இனி எரிச்சல். பெட்டியில் வந்த சாக்கெட்டுகள் 32, 33 மில்லிமீட்டர். என்னுடையது பழைய ஜப்பான் முறைச் சக்கரம்: வெளி டயரைப் பிடிக்கும் வெளி நட்டுக்கு 41 சாக்கெட் வேண்டும், உள் டயரைப் பிடிக்கும் உள் நட்டுக்கு 21 சதுர சாக்கெட். இரண்டையும் தனியாகத் தேடி வாங்கினேன். மருமகனே, வாங்குவதற்கு முன் உன் சக்கரத்தை அளந்து பார். அடுத்தது அந்தத் தாங்குகால். பக்கத்து நட்டில் ஊன்றித்தான் அது நிற்கும். சரியாக ஊன்றாமல் சுற்றினால் சறுக்கி விரலைப் பிடிக்கும். எனக்கு ஒரு நகம் போனது. பெட்டியின் கீல் முதல் வருடமே உடைந்தது. இப்போது டியூப் ரப்பரை வளையமாக வெட்டிப் போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன்.

இடப்பக்கச் சக்கரத்தில் இடக்கை மரை, அதாவது வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பினால் இறுகும் மரை, என்பதையும் மறக்காதே. ஸ்டட் முனையில் எல் என்று பொறித்திருக்கும். நான் நினைவு வைத்திருப்பது இப்படி: இந்தப் பழைய சக்கரங்களில் எந்தப் பக்கமானாலும் வண்டி முன்னே போகும்போது சக்கரம் சுற்றும் திசையில் திருப்பினால் இறுகும், பின்னே போகும் திசையில் திருப்பினால் கழலும். இது தெரியாமல் கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டே போனவர்கள் உண்டு. இந்தச் சாமானை வைத்துக்கொண்டு அப்படிச் செய்தால் கதை முடிந்தது.

எனக்கு நடந்ததும் கிட்டத்தட்ட அதுதான். இரண்டு மாதத்துக்கு முன் டயர் மாற்றும்போது, புதிதாக வந்த கெலிண்டன் பையன் நட்டை இறுக்கவும் இதையே பயன்படுத்திவிட்டான். இந்த வகை நட்டுக்கு 540 முதல் 590 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை போதும். குழாய் போட்டு இறுக்கினால் உடம்புக்கே ஒரு கணக்குத் தெரியும், போதும் என்று முதுகு சொல்லிவிடும். இதில் சின்ன விரலால் சுற்றினாலும் இரும்பு இழுபடும், கைக்கு ஒன்றுமே தெரியாது. ஸ்டட் இழுபட்டு இழுபட்டு, போன வாரம் பாரத்தோடு பள்ளத்தில் இறங்கியபோது முறிந்தது. சத்தம் கேட்டு நிறுத்தியதால் தப்பித்தோம். பையனைத் திட்டினேன். கழற்ற மட்டும்தான் என்று அவனிடம் நான் சொன்னதே இல்லை என்பது பிறகுதான் உறைத்தது. திட்டியதைத் திருப்பி எடுக்க முடியுமா? அன்று மதியம் சோறு வாங்கிக் கொடுத்தேன்.

மற்ற சாமான்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 20 டன் ஜேக், அதன் அடியில் வைக்க நல்ல கனமான மரப்பலகை (பலகை இல்லாமல் செம்மண்ணில் ஜேக்தான் கீழே போகும், வண்டி மேலே வராது), சக்கரத்துக்கு முட்டு, எச்சரிக்கை முக்கோணம். பிரேக்குக்கு ஒரு காற்றுக் குழாயும் இரண்டு பித்தளை இணைப்பும். காற்று போனால் ஸ்பிரிங் பிரேக் பிடித்துக்கொண்டு வண்டி அசையாது. ஒரு பெல்ட், ஒரு டீசல் பில்டர், பியூஸ். பல்பு வாங்கும்போது 24 வோல்ட் என்று பார்த்து வாங்கு. அவசரத்துக்குக் கார் பல்பைப் போட்டால் போட்ட உடனே போய்விடும். டயர் மாற்றினால் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் நிறுத்தி நட்டை மறுபடி பார். உள் நட்டைப் பார்க்க வேண்டுமென்றால் வெளி நட்டைத் தளர்த்தியாக வேண்டும், சோம்பல்பட்டு விட்டுவிடாதே.

அன்று டீக்கடையில் உட்கார்ந்தபடி அவனுக்கு அனுப்பிய பதில்: "வாங்காதே. நல்ல ஸ்பானரும் குழாயும் போதும்."

ஐந்து நிமிடத்தில் அவனிடமிருந்து: "அப்படியென்றால் உங்களுடையதை எனக்குக் கொடுங்கள் மாமா, சும்மாதானே கிடக்கும்."

கொடுக்கமாட்டேன் என்றேன். நேற்றுத்தான் அதற்குப் புது கிரீஸ் போட்டு, ரப்பர் வளையத்தை மாற்றி, சீட்டுக்குப் பின்னால் வைத்தேன்.