கார்பன் ஃபில்டர், நாலு வருஷம்: மஞ்சள் சொட்டு சொல்லாத சங்கதி

சிங்க்குக்குக் கீழே கார்பன் பிளாக் ஃபில்டர் மாட்டி நாலு வருஷம் ஆகிறது. சென்னையில் எங்கள் பக்கம் வருவது ஏரித் தண்ணீர், உப்பு கம்மி, அதனால் ஆர்.ஓ. வேண்டாமென்று விட்டுவிட்டேன். தொல்லை குளோரின் வாடைதான், சில நாள் டிகாக்‌ஷனிலேயே நீச்சல்குளம் மணக்கும். ஃபில்டர் மாட்டிய அன்றே அது போய்விட்டது.

அப்புறம்தான் இன்னொன்று தெரிந்தது. ஏரியில் மக்கிய இலை, பாசி இவற்றோடு குளோரின் சேர்ந்தால் குளோரோஃபார்ம் மாதிரி டிரைஹாலோமீத்தேன்கள் உண்டாகும். 1974-லேயே ரோட்டர்டாமில் ரூக் என்பவர் இதை எழுதிவிட்டார். நம் குடிநீர்த் தர விதியான ஐ.எஸ். 10500 குளோரோஃபார்முக்கு மட்டுமே லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் அனுமதிக்கிறது, அமெரிக்காவில் நாலு டிரைஹாலோமீத்தேனும் சேர்த்தே 0.08. பல வருஷம் இதைக் குடிப்பதற்கும் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கும் தொடர்பு இருப்பதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. அதற்காகக் குளோரினே வேண்டாம் என்பவர்களோடு எனக்கு ஒத்துவராது, அது இல்லாவிட்டால் வாந்திபேதி அதே வாரம் வந்து நிற்கும்.

நான் செய்த தப்பைச் சொல்கிறேன். குளோரின் இருக்கிறதா என்று பார்க்கும் ஆர்த்தோடாலிடின் மருந்தைச் சொட்டு விட்டால் குழாய்த் தண்ணீர் மஞ்சளாகும், ஃபில்டர் தண்ணீர் நிறம் மாறாமல் அப்படியே இருக்கும் (சோதித்த தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், குடிக்கக் கூடாது). அந்தத் தைரியத்தில் ஆறு மாசக் கார்ட்ரிட்ஜைப் பதினாலு மாசம் ஓட்டினேன். ஆனால் அந்தச் சொட்டு காட்டுவது குளோரினை மட்டும். கார்பன் குளோரினை வினைபுரிந்து மாற்றிவிடுகிறது, அந்த வேலை ரொம்ப நாள் நடக்கும். குளோரோஃபார்மையோ தன்மேல் ஒட்டவைத்துக்கொள்ளத்தான் முடியும், இடம் நிரம்பிவிட்டால் அது பாட்டுக்கு வெளியே வரும். வாடையும் வராது, நிறமும் மாறாது. இப்போது மாட்டும் தேதியை மார்க்கரால் மேலேயே எழுதிவிடுகிறேன்.

குளோரின் போன தண்ணீருக்குக் கிருமியிடமிருந்து காவலும் கிடையாது. பத்து நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தபோது முதல் சொம்பில் பாசி நாற்றம். ரெண்டு குடம் திறந்துவிட்ட பிறகுதான் சரியானது.

அம்மா இன்னமும் ஃபில்டரை நம்பாமல் கொதிக்கவைத்துத்தான் குடிக்கிறார். மூடியைத் திறந்து அஞ்சு நிமிஷம் கொதிக்கவிட்டால் குளோரோஃபார்ம் பெரும்பாலும் பறந்துவிடும், அதே மாதிரி குளோரினால் உண்டாகும் ஹாலோஅசிட்டிக் அமிலங்கள்தான் அப்படி ஆவியாகாது என்று விளக்கினேன். "சரி, அந்த அஞ்சு நிமிஷத்துக்கு கேஸ் காசு நீ தர்றியா?" என்றார்.