கோல்பேஸ் ஹோட்டலில் எந்தப் பக்கத்து அறையைக் கேட்கலாம்?

அலுவல் நிமித்தம் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்துபோகும் நான், 2010 முதல் கோல்பேஸ் ஹோட்டலில் தங்கிவருகிறேன். ஆண்டுக்கு ஓரிரு இரவுகள்தான், அதற்குமேல் என் சம்பளம் இடம் கொடுக்காது. இத்தனை தடவை தங்கியதில், இங்கே அறை எவ்வளவு பெரியது என்பதைவிட அது எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதையே முதலில் விசாரிக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டேன்.

நான்கு ஆங்கிலேயர்கள் 1864இல் இதைத் தொடங்கியபோது சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டிருக்கவில்லை. ஐரோப்பாவிலிருந்து வந்த அஞ்சல் கப்பல்கள் கொழும்பை அல்ல, காலித் துறைமுகத்தையே நாடின. கொழும்புத் துறைமுகத்தில் கடலலையைத் தடுக்கும் அலைதாங்கிச் சுவர் எழுந்து, 1880களில் பயணிகள் இங்கே இறங்கத் தொடங்கிய பிறகு, எட்வர்ட் ஸ்கின்னரின் வடிவமைப்பில் 1894இல் கட்டடம் விரிவுபெற்றது. கடல் வழியாக வந்தவர்களுக்காக வளர்ந்த விடுதி என்பதால், அதன் அழகெல்லாம் மேற்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

கிழக்கே காலி வீதியைப் பார்க்கும் அறையில் தூக்கம் நன்றாக வரும், ஆனால் அதற்கு இவ்வளவு தூரம் வரத் தேவையில்லை. வடக்கே கோல்பேஸ் திடல் என்னும் கடலோரப் புல்வெளியைப் பார்க்கும் அறை மாலையில் சுவையானது: பட்டங்களும், இறால் வடை வண்டிகளும், குடை பிடித்துக் கடலோரம் அமர்ந்திருக்கும் காதலர்களும் யன்னலுக்குள் வந்துவிடுவார்கள். கடலைப் பார்க்கும் அறையிலோ இரவு முழுவதும் அலை இரைந்துகொண்டே இருக்கும். காலையில் யன்னலோரம் சிறிது நேரம் நின்றாலே மூக்குக்கண்ணாடியில் உப்பு மெல்லிய படலமாகப் படிந்து, துடைக்கத் துடைக்க மங்கும். எனக்கு அந்த அறைதான் வேண்டும்.

வடக்குப் பகுதியின் புனரமைப்பு 2015இல் முடிந்த பிறகு அறைகளில் வசதி கூடியிருக்கிறது. பழமையைத் தேடுபவர் விறாந்தைக்கும், சதுரங்கப் பலகை போன்ற முற்றத்துக்கும், பிரித்தானிய அரசி இரண்டாம் எலிசபெத்தின் கணவரான இளவரசர் பிலிப் 1940இல் வாங்கிய, ஸ்டாண்டர்ட் நிறுவனத்தின் சிறிய கார் நிற்கும் நூதனசாலைக்கும் செல்ல வேண்டும். கேரளத்திலிருந்து வந்து 1942இல் பணியில் சேர்ந்து, நரைத்த பெரிய மீசையும் வெண்சீருடையுமாக வாசலில் கைகூப்பி நின்ற குட்டன் 2014இல் காலமானார். அந்த வாசலைக் கடக்கும்போது இன்றும் என் கண் அவரைத் தேடுகிறது.

வேறொரு நகரின் புராதன விடுதியில் "வரலாற்று அறை" என்று கூடுதல் பணம் வாங்கிக்கொண்டு, யன்னலே திறக்க முடியாத அறையொன்றைத் தந்தார்கள். அந்த அனுபவத்துக்குப் பிறகு, பதிவு செய்யுமுன் எந்த விடுதியிலும் யன்னல் எந்தப் பக்கம், அது திறக்குமா என்று கேட்டுவிடுகிறேன். அடுத்த மாதத்துக்கும் மேற்குப் பக்கத்து அறையையே கேட்டிருக்கிறேன். மாலையில் விடுதியில் கொடி இறக்கும் வேளைக்கு முன்னரே போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.