ஸ்கேம்ஷீல்டு: அம்மாவின் போனில் போட்டுக் கொடுத்த செயலி

சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் புளோக் லிஃப்ட் பக்கத்தில் காவல்துறை ஒட்டும் எச்சரிக்கையைப் படிக்காமல் அம்மா மேலே வரமாட்டார். முன்பு சைக்கிள் திருட்டு, இப்போது பெரும்பாலும் போன் மோசடி. வாசலைப் பூட்டினால் போதும் என்ற காலம் போச்சு. அதனால்தான் மோசடி அழைப்புகளைத் தடுக்க உதவும் ஸ்கேம்ஷீல்டு செயலியை அவர் போனில் போட்டுக் கொடுத்தேன். இலவசம்.

எனக்குப் பிடித்தது, சந்தேகமான எண்ணையோ இணைப்பையோ உள்ளே போட்டுச் சோதிக்கும் வசதி. "உங்கள் பார்சல் நிற்கிறது, கட்டணம் செலுத்துங்கள்" என்று ஒரு குறுஞ்செய்தி. அம்மாவே சோதித்தார், மோசடி என்று வந்தது. "நான் எந்தப் பார்சலும் வாங்கலையேடா, அப்பவே நினைச்சேன்" என்றார், கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே.

ஐபோனில் இறக்கினால் மட்டும் போதாது. செட்டிங்ஸுக்குள் போய் அழைப்புத் தடுப்பை நாமே இயக்க வேண்டும். வயதானவர்களுக்குப் பிள்ளைகள்தான் செய்து தரணும். எல்லா மோசடி அழைப்பையும் தடுத்துவிடும் என்றும் நம்பிவிடாதீர்கள், அவர்கள் எண்ணை மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

செயலி சரிப்படாதவர்களுக்கு ஸ்கேம்ஷீல்டு உதவி எண் 1799 இருக்கிறது, 24 மணி நேரமும் அழைத்துக் கேட்கலாம். அம்மாவுக்கு என்னவோ இதுதான் வசதி. அவசரம் என்றால் வழக்கம்போல காவல்துறையின் 999.